மேசை மூலையில் பதினோரு குச்சி

அத மேசையில வைக்காதம்மா. மடியிலயே வச்சிரு. இல்லன்னா பக்கத்துல அந்த நாற்காலியில வை. மேசையில வச்சா நான் வாங்கிட்டதா ஆயிரும். நான் வாங்கல.

உள்ள என்ன இருக்குன்னும் சொல்லாத. எனக்குத் தெரிய வேண்டாம்.

நீ எதுக்கு எந்திரிக்க, உக்காரு. உம்மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சுபத்ரா கூட வேல பாக்க, ஒரு கல்யாணத்துக்குத் திருநவேலி வாறன்னு சொல்லியிருக்க, அவ உடனே பாளையங்கோட்டையில எங்க அம்மா இருக்கா, இதக் குடுத்துட்டு வான்னு பைய நீட்டியிருக்கா. நீ என்ன செய்வ, பாவம். பேரு என்ன சொன்ன? மெர்சியா. இரு மெர்சி, காப்பி போட்டு வச்சிருக்கேன், ஊத்தித் தாறேன். ரயிலு எட்டு மணிக்குத்தான, இப்ப நாலு கூட ஆகல. குடிச்சிட்டு, அதையும் எடுத்துக்கிட்டுப் போயி அவகிட்டயே குடுத்திரு.

இது நாலாவது தடவ. உங்கிட்ட சொன்னாளா? சொல்லியிருக்க மாட்டா. மூணு தடவ அனுப்பி, மூணு தடவையும் நான் திருப்பி அனுப்பியாச்சி. ஒரு தடவ கூரியர்காரன், ஒரு தடவ அவ சித்தப்பா. முதல் தடவ நான் கொரியாவுல இருந்தேன், அங்கேயே அனுப்பிட்டா. சீனி போதுமா? நான் கம்மியாத்தான் போடுவேன்.

கொரியான்னதும் எல்லாரும் இப்பிடித்தான் முழிக்கா. ஆமா, போனேன். ஒரு வருசம் இருந்தேன்.

மொதல்ல ஒண்ணு சொல்லிருதேன், இல்லன்னா கல்நெஞ்சுக்காரின்னு நெனச்சிட்டுப் போவ. நெனச்சாலும் பரவால்ல, தெருவுல பாதிப்பேரு அப்பிடித்தான் சொல்லுதா. முன்னாடி அதக் கேட்டாக் கோவம் வரும். இப்ப அதுவும் வாறதில்ல. பல்லு பிடுங்கதுக்கு ஊசி போடுவான்லா, பெறவு கன்னத்தக் கிள்ளிப் பாத்தா யாரு கன்னத்தையோ கிள்ளுத மாதிரி இருக்கும். அப்பிடித்தான் இருக்கேன், நாலு வருசமா. சாப்பிடுதேன், தூங்குதேன், சுகர் மாத்திர போடுதேன். ஒண்ணும் கொற கிடையாது.

முப்பது வருசம் டீச்சர் வேல பாத்திருக்கேன், இங்கிலீஷ். பிள்ளைங்ககிட்ட இருந்து ஒரு பூ வாங்கினதில்ல. பொங்கலுக்குக் கரும்பு கொண்டாரும். தீவாளிக்கு முறுக்கு. ஒரு தகப்பன் ஒரு கோழியக் காலக் கட்டித் தூக்கிட்டு வந்துட்டான், வாசல்ல நின்னு அது கத்துன கத்து. எல்லாத்தையும் அப்பிடியே திருப்பி அனுப்பிருவேன். வாங்கினா அந்தப் பிள்ள தப்பா எழுதும்போது செவப்பு மை போடக் கை கூசும்லா. கோமதி டீச்சர்கிட்ட அது நடக்காதுன்னு பள்ளிக்கூடம் முழுக்கத் தெரியும்.

எம்மகளும் எங்கிட்டதான் படிச்சா, ஆறாங்கிளாஸ். பள்ளிக்கூடத்துக்குள்ள அம்மான்னு கூப்பிடக்கூடாது, டீச்சர்னுதான் கூப்பிடணும்னு சொல்லிட்டேன். அப்பிடியே கூப்பிட்டா. ஒரு ஆசிரியர் தினத்தன்னைக்கி மத்த பிள்ளைங்கல்லாம் ரோசாப்பூ, வாழ்த்து அட்டைன்னு மேசையில கொண்டு வைக்கும்போது இவளும் வரிசையில வந்து ஒரு பேனாவ வச்சிட்டா. நான் என்ன செய்ய, நீயே சொல்லு. நாப்பது பிள்ள பாத்துக்கிட்டு இருக்கு. எல்லாத்துக்கும் திருப்பிக் குடுத்தேன், அவளுக்கும் குடுத்தேன். அழல பாத்துக்கோ. வாங்கிப் பைக்குள்ள போட்டுக்கிட்டுப் புஸ்தகத்த எடுத்தா. அவ்வளவு நல்ல பிள்ள. அதப் போயி பதினாலு வருசம் கழிச்சி ஒரு சண்டையில சொல்லிக் காட்டுதா. பச்ச மூடி போட்ட பேனா, ஒங்களுக்குப் பச்ச பிடிக்குமேன்னு வாங்கினேன்னா. எனக்கு மூடி என்ன கலருன்னே ஞாபகம் இல்ல.

என்ன சண்டையா? கல்யாணச் சண்டதான், வேற என்ன. அவளாப் பாத்துக்கிட்ட பையன். பையன் மேல எனக்கு ஒரு கொறையும் இல்ல. எங்கிட்ட கேக்கல, முடிவு பண்ணிட்டு வந்து சொன்னா, அதுதான். ரிஜிஸ்தர் ஆபீசுக்கு நீங்க வரணும்மான்னா. அன்னைக்கி எனக்குப் பரீட்சை மேற்பார்வை இருக்குன்னேன். பொய் சொல்லல, நெசமாவே இருந்துச்சி. கேட்டா மாத்திக் குடுத்திருப்பா. நான் கேக்கல. சுபத்ரா அப்பா மட்டும் போயிட்டு வந்தாவ. வந்து, பிள்ள ஒன்னையத்தான் தேடிச்சின்னு ஒரே வார்த்த சொன்னாவ. ஏழு மாசத்துல அவியளும் போயிட்டாவ, நெஞ்சுவலி. சுபத்ரா வந்தா. பதினாறு நாளும் இங்கதான் இருந்தா. காரியம் முடிஞ்சது, போறேம்மான்னா. நான் பாத்திரங் கழுவப் போயிட்டேன்.

அதுக்குப் பெறவு வீட்டுக்குள்ள இருக்க முடியல. பேப்பர்ல ஒரு விளம்பரம் பாத்தேன். கொரியாவுல டியூசன் சென்டருக்கு இங்கிலீஷ் டீச்சர், ஒரு வருசம். கம்ப்யூட்டர்ல பேசினான், முப்பது வருச சர்வீஸ்னதும் வாங்கன்னுட்டான். விருப்ப ஓய்வு எழுதிக் குடுத்துட்டுக் கெளம்பிட்டேன். அம்பத்து மூணு வயசுல இதென்ன கிறுக்குன்னு கேக்காத ஆளு கிடையாது. கேட்டவியகிட்டல்லாம் ஊர் பாக்கப் போறேன்னேன். ஊரும் பாக்கல, ஒண்ணும் பாக்கல.

டியூசன் சென்டர்னா நம்ம ஊர் மாடி ரூம் கிடையாது. நாலு மாடி. பிள்ளைங்க பள்ளிக்கூடம் விட்டு நேரா இங்க வந்துரும், ஏழு மணி வரைக்கும் படிக்கும். எனக்குப் பத்து வயசுப் பிள்ளைங்க வகுப்பு, பதினெட்டுப் பேரு. ஒத்தாசைக்கு மின்ஜங்னு அந்த ஊர்ப் பொண்ணு ஒருத்தி, உன் வயசு இருக்கும். அங்க ஒரு வழக்கம் பாத்துக்கோ. சேரும்போதே ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு இங்கிலீஷ் பேரு வச்சிருவா. கெவின், ஜென்னி, டயானா. வகுப்புல அந்தப் பேருதான். நான் மொத நாளே இந்தக் கூத்தெல்லாம் வேண்டாம், வீட்டுல என்ன பேரு வச்சாவளோ அதச் சொல்லுன்னுட்டேன். பிள்ளைங்களுக்கு ஒரே சிரிப்பு. ஒவ்வொண்ணாச் சொல்லிச்சி. வாய்க்குள்ள நுழையாத பேரா இருக்கும், ஒரு வாரம் நோட்டுல எழுதி வச்சிப் படிச்சேன்.

அதுல ஒருத்தி ஹாரின். நோட்டுல ஐரிஸ்னு இருக்கும். அவ அப்பா அம்மா வேற ஊர்ல பாக்டரி வேல, இவ அத்த வீட்டுல இருந்தா. பேசவே மாட்டா. மொத நாள் ஹாரின்னு கூப்பிட்டேன், சட்டுன்னு தலையத் தூக்கிப் பாத்தா. அம்புட்டுதான். அதுக்குப் பெறவு நான் போர்டுல எழுதினா இவ நோட்டுல இருக்கும், நான் தும்முனாக்கூட எழுதிருவா போல.

நவம்பர் பதினொண்ணு வந்துச்சி. அங்க அது ஒரு நாளு. பண்டிகையான்னா பண்டிக இல்ல, லீவும் கிடையாது. குச்சி பிஸ்கட்டுன்னு ஒண்ணு இருக்கு, பென்சில் கனத்துல நீளமா, முக்காவாசி சாக்லேட்டுல முக்கி. பதினொண்ணாம் மாசம் பதினொண்ணாந் தேதி, நாலு ஒண்ணு வருதுல்லா, நாலு குச்சி நிறுத்தி வச்ச மாதிரி இருக்காம். அதனால அன்னைக்கி எல்லாரும் எல்லாருக்கும் குச்சி பிஸ்கட்டு குடுக்கணும். பிடிச்சவங்களுக்குக் குடுப்பாவளாம், ஆபீஸ்ல மேலாளுக்குக் குடுப்பாவளாம், பிள்ளைங்க டீச்சருக்குக் குடுக்குமாம். பத்து நாளைக்கி முன்னாடியே கடைவாசல்ல ஆள் ஒசரத்துக்கு அடுக்கி வச்சிருவான். சாமி உண்டா, கத உண்டான்னு கேட்டேன். ஒண்ணும் இல்ல டீச்சர், எல்லாம் கம்பெனிக்காரன் பண்ணுததுதான்னு மின்ஜங்கே சிரிக்கா. நம்ம ஊர்ல அட்சய திருதியைக்கி நகைக்கட வாசல்ல விடியக்காலமே போயி நிக்கோம்லா, அந்த மாதிரி. ஆனா இதெல்லாம் அவ எனக்குச் சொன்னது அன்னைக்கிச் சாயங்காலம். காலையில எனக்கு ஒண்ணுந் தெரியாது.

வகுப்புக்குள்ள போறேன், மேசை முழுக்கப் பெட்டி. செவப்பு, மஞ்ச, ரோஸு. சிலதுல பொம்ம ஒட்டியிருக்கு. பிள்ளைங்க எம்மொகத்தையே பாத்துக்கிட்டு இருக்கு. கடைசியா ஹாரின் எந்திரிச்சி வந்தா. கடைப்பெட்டி இல்ல, அவளே செஞ்சது. பளபளன்னு ஒரு தாளுல சுத்தி ஊதா ரிப்பன் கட்டியிருந்தா. பதினோரு குச்சி. ஒண்ணு வளஞ்சிருக்கு, ஒண்ணுல சாக்லேட்டு கட்டி தட்டிப் போச்சி. ரெண்டு கையாலயும் நீட்டுதா. நாம பெரியவங்களுக்குத் தாம்பூலம் குடுக்கும்போது நீட்டுவோம்லா, அதே மாதிரி. விரல்ல ஒரு கொப்புளம். மருந்து போட்டியான்னு கேட்டேன். போட்டேன்னா. சரின்னேன்.

பெறவு நான் எப்பவும் செய்யுதத செஞ்சேன். பிள்ளைங்களா, சந்தோசம், டீச்சர் யாருகிட்டயும் ஒண்ணும் வாங்குதது கிடையாதுன்னு சொல்லிட்டு, ஒவ்வொரு பெட்டியா எடுத்து ஒவ்வொரு டெஸ்க்குலயும் திருப்பி வச்சேன். பதினெட்டும் வச்சேன். நம்ம ஊருன்னா பிள்ளைங்க ஒண்ணும் நெனைக்காது. இங்க வகுப்பே செத்த வீடு மாதிரி ஆயிட்டு. கெவின்னு ஒருத்தன், அவன் நெசப்பேரு ஜுன்ஹோ, பயங்கர வாலு. அவன் குனிஞ்சிக்கிட்டு அழுதான். எனக்கு என்ன ஏதுன்னு வெளங்கல. பாடத்த ஆரம்பிச்சிட்டேன்.

சாயங்காலம் நாலு அம்மாமாரு போன் பண்ணிட்டாளுவ. முதலாளி, பேக்னு பேரு, நல்ல மனுசன், மின்ஜங்க நடுவுல வச்சிக்கிட்டுப் பேசுதான். அவதான் சொன்னா: டீச்சர், எங்க ஊர்ல இதத் திருப்பிக் குடுக்கதுங்கதே கிடையாது. பிடிக்கலன்னா வாங்கிட்டு வேற ஆளுக்குக் குடுத்திரலாம், யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டா. கைல திருப்பிக் குடுத்தா, ஒன்னைய எனக்கு வேண்டாம்னு அர்த்தம். அந்தப் பிள்ளைங்ககிட்ட நீங்க அதத்தான் சொல்லியிருக்கீங்க.

நான் அப்பிடிச் சொல்லலையே. எனக்கு வேண்டாம்னா பிஸ்கட்டு வேண்டாம், அவ்வளவுதான். பிள்ள வேண்டாம்னு யாரு சொன்னா?

முதலாளி மறுநாள் ஒரு அட்டப்பெட்டி நெறைய அந்தப் பிஸ்கட்ட வாங்கியாந்து, டீச்சர் கையால பிள்ளைங்களுக்குக் குடுங்கன்னான். குடுக்கதுல எனக்கு ஒண்ணும் இல்ல. வாங்கதுதான் கஷ்டம். எல்லாத்துக்கும் குடுத்தேன், எல்லாம் சிரிச்சிச்சி, ஜுன்ஹோ ரெண்டா வாங்கிக்கிட்டான். அதோட முடிஞ்சதுன்னு நெனச்சேன். மணி அடிச்சி நோட்ட எடுக்கப் போறேன், மேசை மூலையில ஊதா ரிப்பன் கட்டுன பொட்டலம் இருக்கு.

ஹாரின் வச்சிட்டா. நான் எடுத்து அவ டெஸ்க்குல வச்சேன். டீச்சர், ப்ளீஸ்னா. நோன்னேன். சரின்னு எடுத்துப் பைக்குள்ள வச்சிக்கிட்டா.

மறுநாளும் வச்சா. நானும் திருப்பி வச்சேன்.

வாரத்துல நாலு நாள் அந்த வகுப்பு. நாலு நாளும் வப்பா. நானும் நாலு நாளும் மணி அடிக்க முன்னாடி கொண்டு போயி அவ டெஸ்க்குல வப்பேன். ரெண்டு பேரும் ஒரு வார்த்த பேச மாட்டோம். மொதல்ல பிள்ளைங்க சிரிச்சிச்சி, பெறவு அதுங்களுக்கும் பழகிட்டு. நவம்பர் போச்சி, டிசம்பர் வந்துச்சி. சாக்லேட்டு வெளுத்துப்போச்சி, மேல சாம்பல் பூத்த மாதிரி. மூணு குச்சி ஒடஞ்சிட்டு. கிறிஸ்துமசுக்கு ஊதா ரிப்பன எடுத்துட்டு செவப்பு ரிப்பன் கட்டியிருந்தா. இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும்னா, தெனமும் கைல எடுக்கேன்லா.

மின்ஜங் கெஞ்சினா. வாங்கித்தான் தொலைங்களேன் டீச்சர், வீட்டுக்குப் போயி குப்பையிலகூடப் போடுங்க, அவளுக்குத் தெரியவா போவுதுன்னா. குப்பையில போடதுக்கு வாங்கச் சொல்லுதியான்னு கேட்டேன். நான் அப்பிடி ஆளு கிடையாது. அப்ப ஏன் அவ இப்பிடி வைக்கான்னு தெரியுமான்னு கேட்டா. தெரியலன்னேன். இந்தக் கட்டடத்துல அவ பேரச் சொல்லிக் கூப்பிடுத ஒரே ஆளு நீங்கதான், என்னைக்காவது ஒரு நாள் டீச்சர் வாங்கிக்கிடுவான்னு சொல்லுதா அந்தப் பிள்ளன்னா. பேரச் சொல்லிக் கூப்பிடதுக்கு எதுக்கு பிஸ்கட்டு, பேரு அதுக்குத்தான இருக்குன்னேன்.

அந்த டிசம்பர்லதான் சுபத்ரா பார்சலும் வந்துச்சி. அட்ரஸ அவ சித்தப்பாகிட்ட வாங்கியிருக்கா. பெருசா இருந்துச்சி, ஆனா லேசு. கம்பளிச் சட்ட ஏதாவது இருந்திருக்கும். அங்க குளிருன்னா நம்ம ஊர் மார்கழி இல்ல, தண்ணிக் கொழாயே ஒறஞ்சி போவும். நான் அவ அப்பாவோட மப்ளரத்தான் ரெண்டு சுத்துச் சுத்திக்கிட்டு அலைஞ்சேன். சாக்பீஸ் பிடிச்சா விரல் பிடிச்சிருக்கான்னே தெரியாது. தபாலாபீஸ்ல பார்சல எங்கிட்ட நீட்டுதான், வேண்டாம், அனுப்புன எடத்துக்கே போகட்டும்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன். பிரிச்சிட்டுத் திருப்பி அனுப்பினாத்தான் தப்பு. நான் பிரிக்கல.

அன்னைக்கும் வகுப்புக்குப் போனேன். அன்னைக்கும் மூலையில பொட்டலம் இருந்துச்சி. அதையும் திருப்பி வச்சேன்.

காப்பி ஆறுது மெர்சி, குடி.

ஜனவரியில ஒரு நாள், பனி கொட்டிக்கிட்டு இருந்துச்சி. மணி அடிச்சிட்டு. மேசை மூலையில கை போவுது, ஒண்ணும் இல்ல. நோட்டுக்கு அடியில இருக்குமோன்னு தூக்கிப் பாத்தேன். டிராயர இழுத்துப் பாத்தேன். கீழ விழுந்திருக்குமோன்னு குனிஞ்சிகூடப் பாத்தேன். பிள்ளைங்கல்லாம் போயிட்டு. ஹாரினும் போயிட்டா, எல்லாரையும் போலக் குனிஞ்சி வணக்கம் சொல்லிட்டுத்தான் போனா.

மறுநாளும் இல்ல. அதுக்கு மறுநாளும் இல்ல. எனக்கு வருத்தமான்னு கேட்டா, அப்பிடி ஒண்ணும் தெரியல. கை மட்டும் போயிட்டுப் போயிட்டு வந்துச்சி. கேக்கலாமான்னு நெனச்சேன். என்னன்னு கேப்ப? குடுக்கும்போது வாங்காதவ, ஏன் இப்பக் குடுக்கலன்னு எந்த வாய வச்சிக் கேக்கது?

அந்த வாரம் பாடம் வாசிக்கச் சொல்லி, ஹாரின்னு கூப்பிட்டேன். எந்திரிச்சா. கோவம் கிடையாது, மொறைப்பு கிடையாது. டீச்சர், என் பேரு ஐரிஸ்னா. மத்த பிள்ளைங்கல்லாம் சொந்தப் பேர்ல இருக்கு, இவ மட்டும் ஐரிஸ். சரி ஐரிஸ், வாசின்னேன். வாசிச்சா. ஒரு தப்பு இல்லாம வாசிச்சா.

மின்ஜங்கிட்டதான் கேட்டேன். அந்தப் பொட்டலம் என்னாச்சின்னு சும்மா கேக்குத மாதிரி. ஜனவரியில கனடாவுல இருந்து புதுசா ஒரு வாத்தியாரு வந்திருந்தான், சின்னப் பையன், இருபத்து நாலு வயசு இருக்கும். அவன்கிட்ட குடுத்துட்டாளாம். அவன் வாங்கி, அவ முன்னாடியே ரிப்பன அவுத்து ஒரு குச்சிய எடுத்துக் கடிச்சி, நல்லாருக்குன்னானாம். ரெண்டு மாசத்துப் பழசு. என்ன நல்லாருந்திருக்கும், நீயே சொல்லு. ஒண்ணும் நல்லாருந்திருக்காது. ஆனா அவன் அப்பிடிச் சொன்னான்.

பிப்ரவரியோட என் வருசம் முடிஞ்சது. கடைசி நாள் வகுப்பே சேந்து ஒரு அட்ட குடுத்துச்சி, பதினெட்டுக் கையெழுத்து. அத வாங்கிக்கிட்டேன், பொதுவாக் குடுத்ததுதானன்னு. ஹாரின்னு தேடிப் பாத்தேன். ஐரிஸ்னு போட்டு ஒரு நட்சத்திரம் போட்டிருந்தா. அட்ட உள்ள பீரோவுல இருக்கு. காட்டணுமா? வேண்டாம், எதுக்கு.

அதத்தான் சொல்ல வந்தேன். எனக்கு யாரு மேலயும் வெறுப்பு கிடையாது, எம்மக மேலயும் கிடையாது. வாங்கிப் பழக்கம் இல்ல, அவ்வளவுதான். நீ அவகிட்ட போயி, அம்மா கோவமா இல்ல, நல்லா இருக்கா, காப்பி குடுத்தா, பை மட்டும் வேண்டாம்னுட்டான்னு சொல்லு. அவளுக்குப் பழகிட்டு. அவ சித்தப்பா போயிருந்தாவ, நான் திருப்பி அனுப்புன மூணையும் பிரிக்காம ஒரு அலமாரியில அடுக்கி வச்சிருக்காளாம். இதையும் அதுலயே வச்சிக்கிடுவா.

என்ன?

இரு இரு. என்ன சொன்னா?

அம்மா வாங்கலன்னா திருப்பிக் கொண்டாராத, நீயே வச்சிக்கோன்னா?

அப்பிடியா சொன்னா உங்கிட்ட.

எப்பிடிச் சொன்னா? கோவமாவா? அழுதாளா? இல்லையா. சாதாரணமாச் சொன்னா. ஆபீஸ்ல வச்சி, கேண்டீனுக்குப் போறோம்னு சொல்லுத மாதிரி சொன்னா. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லல. சரி.

இத நீ வந்ததும் சொல்லியிருக்கலாம்லா மெர்சி. நாந்தான் பேச விடல, ஆமா. நாந்தான் பேசிக்கிட்டே இருந்தேன்.

நீ வச்சிக்கிடுவியா? சொல்லு, ஒண்ணும் நெனைக்க மாட்டேன். குடுத்தா வாங்கிக்கிடுவ, நல்லாருக்குன்னும் சொல்லுவ. உன்னப் பாத்தாலே தெரியுது. அவளும் அதுக்குத்தான் உங்கிட்ட குடுத்திருக்கா.

கொஞ்சம் தண்ணி குடிக்கேன். ஒண்ணுமில்ல, மாத்திர போட்டா வாய் காஞ்சிரும்.

மணி என்ன ஆச்சி? அஞ்சரையா. நீ கெளம்பணும்னா கெளம்பு. ஜங்ஷனுக்குத் தெருமுனையில பஸ் நிக்கும், நான் வந்து ஏத்தி விடுதேன். இரு, அந்தப் பையத் தூக்காத. தூக்காதன்னு சொல்லுதேன்லா.

அத மேசையில வை. அங்க இல்ல, அது டம்ளர் வச்ச எடம், ஈரமா இருக்கும். இங்கன. இந்த மூலையில.

கனமாத்தான் இருக்கு.

அம்மா வாங்கிட்டான்னு அவகிட்ட சொல்லாத. வேண்டாம், சொல்லு. சொல்லிரு. போன் நம்பர் மாத்திட்டாளா? பழைய நம்பர்தானா. சரி, எங்கிட்ட இருக்கு. நான் பண்ணல, சும்மா கேட்டேன்.

என்ன, உள்ள என்ன இருக்குன்னு சொல்ல வாறியா? சொல்லாதம்மா. நானே பிரிச்சிப் பாத்துக்கிடுதேன்.